குட்டியானையில் ராஜா காலத்துக்கு

ராஜா காலத்துக்கே குடிபோய்த் திரும்பி வந்தவன் கோடம்பாக்கத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு ஏழு வயது. அப்பாவும் மாமாவும் சினிமாவுக்கு செட் போடும் தச்சர்கள். ஷூட்டிங் எல்லாம் நின்றுபோன வருஷம் அது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்ட விஷயம் எங்கள் காதுக்கு வரவே இல்லை. ஒருநாள் காலையில் வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது, அவ்வளவுதான் தெரியும். கட்டில், பாத்திரம், காஸ் அடுப்பு எல்லாவற்றையும் ஏற்றி, நடுவில் தங்கையையும் என்னையும் உட்காரவைத்து, மாமா தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.

"எட்டிப் பாக்காதீங்க. ராஜா காலத்துக்குப் போய்க்கினு கீறோம்."

"அப்ப காஸ் அடுப்பு எதுக்கு மாமா?"

"அங்க காஸ் கெடைக்காதுடா மண்டு!"

நியாயமாகத்தான் பட்டது.

தார்ப்பாய் விலகியதும், அடேயப்பா! எதிரில் அரண்மனை. சிங்காசனம், பெரிய பெரிய தூண்கள். தங்கை ஒரு தூணைத் தொட்டாள், விரல் உள்ளே போய்விட்டது. அந்தக் காலத்துத் தூண் மெத்தென்றுதான் இருக்கும் என்று மாமா அடித்துவிட்டார். அம்மா சிங்காசனத்தின் மேல் துணி உலர்த்தினாள். அப்பா மட்டும் எங்கள் விளையாட்டுக்கு வராமல், தான் அடித்த ஆணிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமா ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். நம் காலத்து ஆள் யாராவது உள்ளே வந்தால் சிலையாக நின்றுவிட வேண்டும். அசைந்தால் ஆட்டம் போச்சு, திரும்பிப் போக வேண்டியதுதான். மாமாவின் கூட்டாளியான வாட்ச்மேனுக்கு மட்டும் விதிவிலக்கு. அவர் எங்களுக்கு பன் வாங்கித் தரும் மந்திரி.

ஒரு மத்தியானம் ஸ்டுடியோ மேனேஜர் வந்துவிட்டார். நான் ஒற்றைக் காலில் நின்றேன். அம்மாவும் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். அவர் எங்களைப் பார்த்தார், அடுப்பில் கொதிக்கும் சோற்றைப் பார்த்தார். அப்போது அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. எனக்கு வந்ததே கோபம்!

"சாப்ட்டுட்டு கெளம்பிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

சாயந்தரம் அதே குட்டியானை எங்களை ஆதம்பாக்கத்தில், அத்தை வீட்டு மாடியிலிருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

"மாமா, வண்டி தப்பான எடத்துல எறக்கிடுச்சு. நம்ம வீடு இது இல்ல."

எதற்கும் பதில் வைத்திருக்கும் மாமா, கயிற்றை அவிழ்ப்பதிலேயே மும்முரமாக இருந்தார்.

நான் அம்மாவிடம் பேசவே இல்லை. சோறு ஊட்ட வந்தபோதுதான் வெடித்தேன்.

"சிலை அழுவுமா? உன்னாலதான் தோத்தோம்!"

"ஆமா கண்ணு, என்னாலதான்" என்றாள் அம்மா. "அடுத்த தபா அழ மாட்டேன்."

பிழைத்துப் போகட்டும் என்று அவளை மன்னித்து, வாயைத் திறந்தேன்.