ஆன்மேரி ஊட்டு டிரம்

ஏற்காட்டை ஒட்டிய வெள்ளக்கடை ஊரில் ஆன்மேரியின் வீட்டுக்கு வழி கேட்டால், "டிரம் வெச்ச ஊடுங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். சமையற்கட்டை ஒட்டி, அவள் கணவன் பென்னி ஜீப் நிறுத்திவந்த கொட்டகையில், ஒரு பெரிய கறுப்பு டிரமும் அதற்குள் கவிழ்த்த இன்னொரு டிரமும் இருக்கின்றன. காய்கறித் தோலையும் பழைய சோற்றையும் கரைத்து ஊற்றினால் உள்ளே புளித்து வாயு உண்டாகும். வாயு சேரச் சேர மேல் டிரம் எழும்பும். அங்கிருந்து ஒரு குழாய் நேரே அடுப்புக்குப் போகிறது.

ஏற்காட்டில் ஓர் ஓட்டலில் ஆன்மேரிக்குச் சமையல் வேலை. மிஞ்சிய சோறு பாலித்தீன் பையில் கட்டிச் சாலையோரப் பள்ளத்துக்குப் போவதும், குரங்குகள் அதைப் பையோடு தின்பதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஓட்டலைத் திருத்த முடியாது. தன் சமையற்கட்டைத் திருத்தலாமே என்று ஆரம்பித்தாள். மளிகைக்குத் துணிப்பை, பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நார் என்று போனவரையில் பென்னி வாய் திறக்கவில்லை. டிரம் வந்ததும் திறந்தான்.

"ஜீப்பு மழையில நனையுது. நீ குப்பைக்குக் கூரை போட்டு வெச்சிருக்கற. ஏம்புள்ள, இதுல அடுப்பு எரியுமா?"

"எரியுமுங்க. நம்ம ஊட்டுல அன்பியம் நடக்கற அன்னிக்கு அத்தனை பேருக்கும் இதுலதான் காப்பி."

"எரியலீன்னா டிரம்மு வெளிய, ஜீப்பு உள்ள."

"சரிங்க."

தேவாலயப் பங்குக் குடும்பங்கள் முறை வைத்து வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் அன்பியம், அடுத்த மாதம் அவர்கள் வீட்டில்.

முதலில் நீலச் சுடர் நன்றாகவே எரிந்தது. சேதி பரவியது. பக்கத்து வீட்டுக் குப்பாயிக்கு ஏரிக்கரையில் ஜூஸ் கடை. டிரம்முக்குத் தன்னால் ஆன உதவியாக, தினமும் ஒரு கூடை ஆரஞ்சுத் தோலைக் கொண்டுவந்து கொட்டினாள். "நல்லாச் சாப்புடட்டும் கண்ணு" என்பாள். ஆன்மேரியும் சந்தோஷமாகக் கரைத்து ஊற்றினாள். ஒரே வாரத்தில் மேல் டிரம் உட்கார்ந்துவிட்டது. அடுப்பில் பொறிகூட இல்லை.

சேலத்திலிருந்து வந்து டிரம் மாட்டிக்கொடுத்த சந்தோஷுக்குப் போன் போட்டாள். அவன் சிரித்தான்.

"ஆரஞ்சுத் தோலுங்களா? அதோட புளிப்புக்கு டிரம்மு வவுறு கெட்டுப்போச்சுங்கக்கா. உள்ள கெடக்கற தோலை வெளிய அள்ளிப்போட்டு, சாணி மட்டும் கரைச்சு ஊத்துங்க. பச்சப்புள்ளைக்கு வவுத்தால போனாப் பத்தியம் வெப்பீங்கள்ல, அதேதான்."

விஷயம் தெரிந்ததும் குப்பாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். மறுநாள் முதல் தோல் கூடைக்குப் பதிலாகத் தன் மாட்டுச் சாணியை வாளியில் சுமந்து வந்தாள். அன்பியத்துக்கு முந்தின நாள், டிரம் ஒரு சாண் எழும்பியிருந்தது.

அன்று கூடம் நிறைய ஆட்கள். ஜெபம் நடத்திய ஞானசுந்தரம் நீட்டி முழக்குகிறவர்; வழக்கமாக எல்லோரும் நெளிவார்கள். ஆன்மேரி மட்டும் அவர் இன்னும் நீட்டட்டும் என்று வேண்டிக்கொண்டாள். குண்டானில் தண்ணீர் அப்போதுதான் முனக ஆரம்பித்திருந்தது. கடைசிப் பாட்டில் அது கொதித்தது. காப்பித்தூளைப் போட்டு இறக்கி, பால் சட்டியை வைத்தாள். சுடர் இரண்டு முறை துடித்து அணைந்தது.

சமையற்கட்டு வாசற்படியில் நின்ற பென்னி எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வெல்லத்தைத் தட்டிப் போட்டுக் கலக்கி, தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக் கூடத்துக்குப் போனாள்.

"இன்னைக்கு வரக்காப்பிதானுங்க. பால் காய்ச்சற அளவுக்கு டிரம்மு இன்னும் தேறலை. இந்தத் தண்ணி கொதிச்சது முச்சூடும் குப்பாயிக்கா மாட்டுச் சாணியிலதான்."

வாய்வரை போன சில தம்ளர்கள் நின்றன. ஜெபத்துக்கு வந்திருந்த ரூபி மோந்து பார்த்தாள். "காப்பி வாசந்தான் வருதுங்க" என்றதும் கூடமே சிரித்தது. ஞானசுந்தரம் இரண்டாவது தம்ளர் கேட்டார். அப்புறம் ஒருவர் விடாமல் கொட்டகைக்கு டிரம் பார்க்கக் கிளம்பினார்கள்.

ஆன்மேரி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், கூட்டத்துக்கு நடுவில் பென்னி நின்று குழாயைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்.

"எலுமிச்சை, ஆரஞ்சு மட்டும் ஆவாதுங்க. மத்தபடி நாம என்ன திங்கறமோ அதையே இதுவும் திங்கும். இது இல்லீன்னா நம்ம ஊட்டுல ஒரு வேலையும் ஓடாதுங்க."

எல்லோரும் போனபின் அவள் கேட்டாள்: "அப்ப ஜீப்பு?"

"ரோட்டோரமா நிக்கட்டும் புள்ள. தார்ப்பாய் ஒண்ணு போட்டுக்கலாம்." பென்னி டிரம்மை ஒருமுறை தட்டிப் பார்த்தான். "உள்ள ஊத்தறதுக்கு ஏதாச்சும் மிச்சம் கெடக்குதா?" என்றபடி சமையற்கட்டுக்குள் நுழைந்தான்.