வெள்ளைச்சாமிக்குக் குளிர வேண்டும்

வெள்ளைச்சாமி அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். இருபத்தைந்து வருடம் அதே வேலை. சுரங்கத்தில் கல் ஏற்றுவது, சிமெண்டு ஆலையில் கொட்டுவது, திரும்பப் போவது. சித்திரை வெயிலில் வண்டியின் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பதும் அடுப்புக்குள் உட்கார்ந்திருப்பதும் ஒன்று. அப்படிப்பட்ட மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே கிறுக்கு, குளிர்.

அவரைப் போலவே இன்னும் சிலர் இருந்தார்கள். பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மீன்சுருட்டியில் செல்போன் கடைக்காரர், செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போடும் அறிவரசன். எல்லோரும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் விடிந்ததும் அவரவர் வீட்டுத் தெர்மாமீட்டரைப் பார்த்துக் குழுவில் போடுவார்கள். ஒரு டிகிரி இறங்கினால் கல்யாண வீடு. ஏறினால் இழவு வீடு. இமயமலையில் பனி கொட்டும் வீடியோக்களை மாற்றி மாற்றி அனுப்பிப் பெருமூச்சு விடுவார்கள். நம் பக்கத்தில் ஒரு நாளாவது புல் மேல் உறைபனி படிந்து வெளுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆசை.

வெள்ளைச்சாமியின் மனைவி செல்லக்கண்ணுவுக்கு இது புரியவே இல்லை.

"தெனமுந்தான் பனி கொட்டுது. கொடியில போட்ட துணி காய மாட்டேங்குது. இதுக்கு மேல என்ன பனி வேணுமாம் இவருக்கு?"

"அது வெறும் ஈரம்டி. நான் சொல்றது உறைபனி. உப்ப அள்ளிக் கொட்டுன மாதிரி இருக்கும்."

"உப்பு வேணும்னா கடையில வாங்கிக்கங்க."

இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்று, பின்னால் அவரைக் கவனித்துக்கொள்ளப் போனபோது ஒரு நாள் கேட்டேன். சுரங்கத்தில் பிடித்தது என்றார். தை மாதத்தில் விடிவதற்கு முன்னால் வண்டியைப் பள்ளத்துக்குள் இறக்குவாராம். மேலே இருக்கும்போது குளிர் சாதாரணமாக இருக்கும். இறங்க இறங்கக் கணுக்கால், முட்டி, இடுப்பு என்று ஏறிவரும். அடியில் போய் நிறுத்திக் கதவைத் திறந்தால் கழுத்துவரை குளிர்.

"தண்ணி மாதிரிதாங்கக்கா அது. பள்ளத்தைப் பார்த்து ஓடிவந்து தேங்கிக்கும். நான் கெணத்துல எறங்குற மாதிரி எறங்குவேன். கல்லு ஏத்தி முடிக்கிற வரைக்கும் அதுக்குள்ளயே நின்னுக்கிட்டிருப்பேன். மத்த டிரைவருங்க கண்ணாடியை ஏத்திவிட்டுட்டுத் தூங்குவாங்க."

புரட்டாசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய் கோணியது சரியாகிவிட்டது. கம்பு ஊன்றி நடக்கவும் பழகிவிட்டார். வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்ததும் குறை எங்கே என்று தெரிந்துவிட்டது. இடது கை அசைந்தது, பிடித்தது, தூக்கியது. ஆனால் அதில் உணர்ச்சி இல்லை. கிள்ளினாலும் தெரியாது. சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

தினமும் இரண்டு டம்ளர் வைப்பேன். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒன்றில் ஐஸ் தண்ணீர். கண்ணை மூடச் சொல்லி ஒன்றை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்து, எது என்று கேட்பேன். ஆரம்பத்தில் எல்லாம் சரியாகச் சொன்னார். எனக்குச் சந்தேகம். பிறகு பார்த்தால், ஐஸ் தண்ணீரை எடுக்கும்போது செல்லக்கண்ணு மூச்சை இழுத்துப் பிடிக்கிறாள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"ஏன் தம்பி, யாரை ஏமாத்துறீங்க?"

"உங்களை இல்லக்கா. என்னையத்தான்."

செல்லக்கண்ணுவை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் வைத்தேன். ஒன்றுகூடச் சரியில்லை. அதே வாரம் கொதிக்கிற டீ டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு டிவி பார்த்திருக்கிறார். கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது. மருந்து போட்டுக் கட்டுகிறேன், வலிக்கவில்லை என்பதுதான் அவருக்கு வலித்தது.

"பாதி ஒடம்புக்கு மார்கழியே வராதா அக்கா? குளிரே தெரியலன்னா அப்புறம் நான் எதுக்கு?"

வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானும் அதையேதான் சொன்னேன். பொய் சொல்லித் தேற்றும் பழக்கம் எனக்கு இல்லை.

மார்கழி பிறந்தது. ஆனால் வங்கக்கடலில் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்வு நிலை வந்து வானத்தை மூடிக்கொண்டே இருந்தது. மேகம் போர்வை மாதிரி, அது இருக்கும்வரை தரையின் சூட்டை வெளியே விடாது, குளிர் வராது என்று வெள்ளைச்சாமி விளக்குவார். குழுவில் எல்லோரும் கடலைத் திட்டித் தீர்த்தார்கள். தை பிறந்து பொங்கல் முடிந்த பிறகு வானம் துடைத்துவிட்டது போல ஆனது. வடக்கிலிருந்து வறண்ட காற்று. அறிவரசன் போன் செய்தார்.

"தலைவரே, நாளைக்கு எறங்குது. என் வெங்காயக் காட்டுக்கு வந்துருங்க. மலையிலேர்ந்து வழியுற குளிரு பூரா என் பள்ளத்துலதான் நிக்குது."

செல்லக்கண்ணு ஒரே பிடியாக மறுத்தாள். "வாதம் வந்த ஒடம்பைக் குளிர்ல கொண்டுபோயி நிறுத்துறதா? ஊர் சிரிக்கும்."

"ஊர் இப்பவே சிரிச்சுக்கிட்டுதான் இருக்கு" என்றார் அவர்.

நான் டாக்டரிடம் கேட்டேன். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, போர்த்திக்கொண்டு போய்ச் சீக்கிரம் திரும்பிவிடுங்கள் என்றார். அதன் பிறகும் செல்லக்கண்ணு வர மாட்டேன் என்றாள். கம்பளி, மங்கி குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ், பிளாஸ்கில் வெந்நீர் எல்லாம் எடுத்துக்கொண்டு நானும் அவரும் வாடகைக் காரில் கிளம்பினோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. குன்று கறுப்பாக நின்றது. அதன் அடியில் பள்ளமான வயல், வெங்காயத் தாள் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு நீர். காரிலிருந்து இறங்கி வரப்பில் கீழே நடக்க நடக்க, அவர் சுரங்கத்தைப் பற்றிச் சொன்னது அப்படியே நடந்தது. குளிர் என் காலில் தொடங்கி மேலே ஏறியது. அதுவரை அதை டிரைவர் கதை என்றுதான் நினைத்திருந்தேன். வயலில் நின்றபோது மார்புவரை இருந்தது. கையை மேலே தூக்கினால் காற்று வேறாக இருந்தது. எத்தனையோ மார்கழி பார்த்தவள், இப்படி ஒன்று என் ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அறிவரசனும் வாத்தியாரும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நடுங்கியபடி நின்றார்கள். பக்கத்தில் நெருப்பு மூட்டினால் தெர்மாமீட்டர் பொய் சொல்லும் என்று ஒரு சுள்ளிகூடப் பற்ற வைக்கவில்லை. பீடி பிடிக்கவும் தடை.

"பதிமூணு!" என்று வாத்தியார் கத்தினார். "பதிமூணுக்குக் கீழ போகப் பார்க்குது!"

"உறைபனிக்கு இன்னும் பதிமூணுதான் பாக்கி. விட்றாதீங்க" என்றார் அறிவரசன். "நாளைக்கு வெங்காயம் விக்கிறத நிறுத்திட்டு ஐஸ் விக்கிறேன்."

சிரித்தார்கள். வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை. தெர்மாமீட்டர் பக்கம் திரும்பவும் இல்லை. கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு வரப்பில் மெதுவாக உட்கார்ந்தார். கம்பளியை விலக்கி, இடது கையை ஈரப் புல்லில் பதித்தார்.

முதலில் ஒன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கையை எடுங்கள் என்று சொல்ல நான் குனிந்தேன். அப்போது வெடுக்கென்று கையை இழுத்தார்.

"சுடுது!"

பதறிப்போய்க் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். பழைய கொப்புளத்தின் தழும்பு தவிர ஒன்றும் இல்லை. புல்லைத் தடவிப் பார்த்தேன். பாம்பு, தேள், முள் எதுவும் இல்லை. நெருப்பு அந்த வயலில் எங்குமே இல்லை.

"எப்படிச் சுடுது தம்பி?"

"டீ டம்ளரைத் தொட்டா எப்படி இருக்கும்? அப்படி."

கண்ணை மூடச் சொன்னேன். என் கைக்குட்டையைப் புல்லில் நனைத்து வலது கையில் வைத்தேன். "குளிருது" என்றார். இடது கையில் வைத்தேன். "சுடுது." என் முந்தானையை, உலர்ந்த பக்கமாக, அதே இடது கையில் வைத்தேன். "ஒண்ணும் தெரியல." மாற்றி மாற்றி வைத்தேன், மூச்சை அடக்கிக்கொண்டே வைத்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. குளிர்ந்த துணி பட்டால் மட்டும் சுட்டது.

செத்த நரம்பு திரும்ப வரும்போது சில சமயம் செய்தியை மாற்றிச் சொல்லும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கண்ணால் பார்த்தது அன்றுதான். மாதக் கணக்கில் ஐஸ் டம்ளர் வைத்தும் திறக்காத கதவை வயல் காற்று திறந்ததா, அல்லது அது திறக்கும் நேரத்துக்கு நாங்கள் போய் நின்றோமா, எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது என்று பிறகு தெரிந்தது.

"இது நல்லதா கெட்டதா அக்கா?"

"வருதுன்னு அர்த்தம். இப்படியே நின்னுபோயி எரிச்சலாவும் மாறலாம். நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டணும். இப்ப சந்தோசப்படலாம், தப்பில்ல."

வாத்தியார் மூக்கை உறிஞ்சினார். அறிவரசன் போனில் செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டுவிட்டார். ஸ்பீக்கரில் அவள் குரல் வயல் முழுக்கக் கேட்டது.

"என்னது, சுடுதா? அங்க போயி எவன் நெருப்பு வச்சது?"

"எவனும் வைக்கல தங்கச்சி. குளிருதான் சுடுதாம்."

"அவருகிட்ட குடுங்க" என்றாள்.

அவர் போனை வாங்கவில்லை. மறுபடியும் இடது கையைப் புல்லில் வைத்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, எடுக்காமல் வைத்திருந்தார். நானும் பக்கத்தில் குந்தி என் உள்ளங்கையைப் பதித்தேன். எனக்கு எலும்புவரை சில்லிட்டது. ஒரு விரற்கடை தள்ளி, அதே புல், அதே நீர், அவருக்குக் கொதித்தது.

"போதும் தம்பி" என்றேன்.

"இன்னும் செத்த நேரங்கக்கா" என்றார்.

இருக்கட்டும் என்று விட்டேன். பிறகு கையைத் துடைத்துக் கம்பளிக்குள் வைத்துக் கட்டி, காரில் ஏற்றினேன்.