வலியா அசதியா

தையல்கார அக்காவுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வைத்தது வேறு யாருமில்லை, கட்டின புருஷன்தான். முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர். பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்கும்போதும் சரி, பொத்தான் தைக்கும்போதும் சரி, அக்காவுக்கு வாய் ஓயாது. அறுபத்தேழு வயதிலும் அப்படித்தான்.

அந்த வாய்க்குத்தான் என்னவோ ஆயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய் நன்றாகப் போகும், ஐந்தாவது வாயில் தாடை துவண்டுவிடும். கொஞ்சம் நிறுத்தினால் சரியாகிவிடும்.

"ஏங்க, மென்னு மென்னு வாய் அசந்து போகுதுங்க" என்றாள் புருஷனிடம்.

"அம்பது வருஷ ஒலிபரப்பு! அசராம என்ன செய்யும்?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். துணி வாங்க வந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அக்காவுக்குச் சுருக்கென்றது.

அன்றோடு 'அசதி' என்ற வார்த்தையையே விட்டுவிட்டாள். பல் டாக்டரிடம் போய், "கடைவாய்ப் பல்லு வலிக்குது" என்றாள். வலி என்றால் யாரும் சிரிக்கமாட்டார்களே. டாக்டரும் சிரிக்கவில்லை, பிடுங்கினார். வலிக்கிறதா, பிடுங்கு என்பது அவர் கட்சி. அடுத்த மாதம் பக்கத்துப் பல்லும் போயிற்று. தாடை மட்டும் ஐந்தாவது வாயில் துவண்டுகொண்டேதான் இருந்தது.

மூன்றாவது பல்லுக்கு வேறொரு டாக்டரம்மாவிடம் போனாள். நாற்காலியில் தலை சாய்த்ததும் 'ஸ்ஸ்' என்று நிமிர்ந்துவிட்டாள்.

"தலையில என்னம்மா?"

"ஒண்ணுமில்ல, நெத்திப்பொட்டுல தொட்டா வலி. ஒரு மாசமா தலை வாரவே முடியல. உடம்புச் சூடா இருக்கும். நீங்க பல்லப் பிடுங்குங்க."

டாக்டரம்மா பல்லைத் தட்டிப் பார்த்தாள், குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்த்தாள், எக்ஸ்ரே எடுத்தாள். பல் கல்லுப் போல இருந்தது. ஒரு சூயிங்கத்தைப் பிரித்துக் கொடுத்து, மென்று காட்டச் சொன்னாள். இரண்டு நிமிஷத்தில் அக்காவின் தாடை நின்றுவிட்டது.

"இப்ப எப்படி இருக்கு? டாக்டருக்காகச் சொல்லாதீங்க. வீட்டுல எப்படிச் சொல்வீங்களோ, அப்படிச் சொல்லுங்க."

அக்கா தயங்கினாள். "சிரிக்கக் கூடாது. வாய் அசந்து போச்சும்மா."

டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது.

"கண்ணு எப்படி இருக்கு?"

"கண்ணுக்கென்ன? காலையில கூட ஊசியில நூல் கோத்தேனே!"

"ஒரு கண்ண மூடிப் பாருங்க."

அக்கா வலது கண்ணை மூடினாள். ஊசி கோர்க்கும்போது அவள் எப்போதும் மூடுகிற கண். "எல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

"இப்ப இதத் திறந்து, இடது கண்ண மூடுங்க."

மூடினாள். டாக்டரம்மாவின் நெற்றி இருந்தது, கண்கள் இருந்தன. அதற்குக் கீழே மூக்கில்லை, வாயில்லை, வெறும் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து, "என்னம்மா தெரியுது?" என்று குரல் மட்டும் வந்தது.

அது எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. மூடி வைத்தே பழகிய கண் அல்லவா? அக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த பிடியை விடவில்லை.

வெளியே உட்கார்ந்திருந்த புருஷனை டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டாள். "பல்லுல ஒரு குறையும் இல்லங்க. தலைக்குப் போற ரத்தக் குழாய் வீங்கியிருக்குன்னு நினைக்கிறேன். ரத்தம் பத்தாமதான் தாடை அசந்து போகுது, கண்ணும் அதே மாதிரிதான் போயிருக்கு. இன்னொரு கண்ணும் போயிடலாம், நாளைக்கே போனாலும் போயிடும். வீட்டுக்குப் போகாம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் போன் பண்ணிடறேன்."

வண்டியில் வழி நெடுக அக்கா வலது கண்ணை மூடி மூடித் திறந்தாள். சாலை இருக்கிறதா, மரம் இருக்கிறதா, இவர் இருக்கிறாரா.

"ஏதாவது பேசேன்" என்றார் அவர். அவள் மறுபடியும் கண்ணை மூடித் திறந்தாள்.

டாக்டரம்மா நினைத்தது சரிதான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். மூன்று நாள் ஊசி, பிறகு மாத்திரை. வலது கண்ணில் போன பாதி போனதுதான். இடது கண் தப்பியது. தாடையும் இப்போது அசருவதில்லை.

ஆனால் பயம் வீட்டை விட்டுப் போகவில்லை. தினமும் காலையில் அவள் கண் விழித்ததும் அவர் ஊசியும் நூலுமாக வந்து நிற்கிறார். "கோத்துக் காட்டு." அவள் கோர்க்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மறுவார்த்தை பேசாமல் போய்விடுகிறார்.

ஒரு நாள் நூல் இரண்டு தடவை தவறியது. அவர் முகம் வெளிறிவிட்டது. மூன்றாவது தடவை நுழைந்தது.

"கைதான் நடுங்கிச்சு, கண்ணில்ல" என்றாள் அக்கா. அவர் ஊசியை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். அவளால் தாங்க முடியவில்லை.

"ஏங்க, ஒரு தடவ ரேடியோன்னு கூப்பிடுங்களேன். நீங்க இப்படி இருந்தா எனக்கு இன்னும் பயமா இருக்கு."

அவர் வாயைத் திறந்தார். 'ரே' வரைக்கும்தான் வந்தது.