சிவராத்திரியில் எடுத்த தூக்கப் பரிசோதனை

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. காலை 4.10க்கு எழுந்தேன். பிரஷர் பார்த்தேன், 134/86. 5.25க்கு, நான் குடியேறி வாழும் வெரிபீ நகரில், என் முதல் பஸ்ஸை எடுத்தேன். பிற்பகல் 1.50க்கு டிப்போவில் பஸ்ஸின் திறப்பை ஒப்படைத்துவிட்டு, 2.30க்கு மருந்துக்கடைக்குப் போனேன். என் தூக்கத்தின் அறிக்கை அங்கே வந்திருந்தது.

இரண்டு கிழமைக்கு முன், பிரஷர் குளிசை வாங்கப் போன இடத்தில் ஒரு கொட்டாவி விட்டேன். நாலு மணிக்கு எழும்புகிறவன் பிற்பகலில் கொட்டாவி விடுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கடையில் ‘தூக்க ஆலோசகர்’ என்ற அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு ஒரு பெண் நிற்கிறார். சென்னையிலிருந்து வந்தவர், இரண்டு நாள் பயிற்சி எடுத்தவர். பஸ் ஓட்டுகிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு கருவியை இலவசமாகத் தருவார்களாம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை நெஞ்சிலும் மூக்கிலும் விரலிலும் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டுமாம். மார்ச் 8, வெள்ளி என்று பதிந்தார்.

வீட்டுக்கு வந்தபின்தான் அன்று சிவராத்திரி என்று தெரிந்தது. கொடுத்த நேரத்தை மாற்றுவது எனக்குப் பழக்கமில்லை. சிவராத்திரிக்குக் கண் முழிக்காமல் விடுவதும் பழக்கமில்லை. ஆகவே இரண்டையும் செய்தேன். சரியாகப் பத்து மணிக்கு மாட்டி, வயர்களைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, கோயிலில் இருந்து பூசைகளைப் பார்த்தேன். ஒரு நிமிடமும் கண் அயரவில்லை. பக்கத்திலிருந்த மனைவி சாட்சி. மறுநாள் கருவியைத் திருப்பிக் கொடுத்தபோது, அதில் ஒன்றும் பதிந்திராது, இன்னொரு நாள் தருவார்கள் என்று நினைத்தேன்.

“ஏழு மணி நேரம் நல்லா தூங்கியிருக்கீங்க சார்,” என்றார் ஆலோசகர். “ஆனா தூக்கத்துல நிறைய தடவை மூச்சு நின்னிருக்கு. ரொம்ப சிவியர்.”

“நான் நித்திரையே கொள்ளேல்லையம்மா. அண்டைக்குச் சிவராத்திரி. கோயிலிலை இருந்தனான்.”

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையையே நம்பினார். “தூக்கமே வரலையா? அது வேற ப்ராப்ளம் சார். அதுக்கும் நம்மகிட்ட இருக்கு,” என்று மூலிகைக் குளிசைப் போத்தல் ஒன்றை எடுத்து வைத்தார்.

அந்த வெள்ளி இரவு பத்து மணிவரை எனக்குப் பிரஷர் மட்டும்தான் இருந்தது.

இனி மூச்சு இயந்திரம் ஒன்று வேண்டும், அதற்கு முகமூடி வேண்டும், முகமூடியை அடிக்கடி மாற்றவும் வேண்டுமாம். எல்லாம் அங்கேயே விற்கிறார்கள். இந்தக் கருவி இதுவரை யாரையாவது நலமாக இருக்கிறார் என்று சொன்னதுண்டா என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் ஏதாவது இருக்கும் சார். அதிலும் நீங்க பஸ் ஓட்டுறவர். இந்த ரிப்போர்ட்டோட லைசன்ஸ் மெடிக்கலுக்குப் போனா கஷ்டம். மெஷின் எடுத்துட்டா நாங்களே லெட்டர் தருவோம்.”

அடுத்த மாதம் எனக்கு அந்த மருத்துவச் சோதனை. பதினெட்டு வருட வேலை. நோயையும் தந்து, அது அடங்கிவிட்டது என்று கடிதமும் தரும் கடையை அன்றுதான் பார்த்தேன். அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மனைவி வாசித்துவிட்டுச் சிரித்தார். “முழிச்சிருந்தவருக்கே இப்பிடியெண்டால், நித்திரை கொண்டிருந்தால் செத்திட்டாரெண்டெல்லோ எழுதியிருப்பினம்.” பிறகு சிரிப்பை நிறுத்தினார். “ஆனால் இஞ்சேருங்கோ, நீங்கள் குறட்டை விடேக்கை இடைக்கிடை மூச்சு நிண்டு போறது உண்மை. நான்தான் தட்டி விடுறனான்.”

இதை அவர் முன்னர் சொன்னதில்லை. கேட்டால், “நீங்கள் கேக்கேல்லையே,” என்றார்.

கருவி சொன்னதில் ஒரு சொல்லையும் நான் நம்பவில்லை. மனைவி சொன்னதை நம்பாமல் இருக்க முடியவில்லை. என் மூச்சைப்பற்றி அந்தக் கடைக்கு ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமலே தினமும் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிறேன்.

மறுநாள் 4.10க்கு எழுந்ததும், முதல் வேலையாக டிப்போவுக்குப் போன் எடுத்து, ஆஸ்பத்திரியில் ஒழுங்கான பரிசோதனை முடியும்வரை பஸ் ஓட்டமாட்டேன் என்று சொன்னேன்.