அக்கா ஏன் மலைக்கு வரவில்லை

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஒரு வருடமாக நீங்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். கடைசி நாட்களில் அக்காவை ஏன் ஏற்காட்டுக்குக் கொண்டுவரவில்லை, அவர் ஆசைப்பட்டுக் கட்டிய வீட்டில் அவர் உயிர் பிரிந்திருக்கக் கூடாதா என்று. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறீர்கள். அங்கே என் மனைவி நின்றுகொண்டிருப்பாள். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். அக்கா இருந்திருந்தால் பதிலை முதல் வரியிலேயே எழுதச் சொல்லியிருப்பார். எனக்கு அது வரவில்லை. என்னைத் திட்டிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஏற்காடு மலையின் வெள்ளக்கடையில், காபி எஸ்டேட் கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடு ஒன்றில். தாத்தா காலத்தில் பிழைப்புக்காகக் கீழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பம் எங்களுடையது. என்னைவிட ஏழு வயது மூத்தவர். அப்பாவும் அம்மாவும் பழம் பறிக்கப் போனபின் எனக்குத் தலை வாரி, சோறு போட்டு, பள்ளிக்கு இழுத்துப் போனவர் அவர்தான். கல்லூரிக்குச் சேலத்துக்குத் தினமும் பஸ்ஸில் இறங்கி ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே படித்த படிப்பு என்று சிரிப்பார். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, தொழில்நுட்பப் பிரிவு முழுவதற்கும் தலைவரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட அத்தைகளுக்கு "புடிக்கலீங்க" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

அப்படிப்பட்டவரே ஒருமுறை வாயால் கெட்டிருக்கிறார். கம்பெனியின் இயக்குநர் குழு அவரை முதன்முதலாகக் கூப்பிட்டது. அந்த வாரம் அவர்களுடைய கம்ப்யூட்டர்கள் ஒரு நாள் முழுக்க முடங்கிப்போயிருந்தன. இது மறுபடி நடக்குமா என்று குழுத் தலைவர் கேட்டார். அக்கா படம் போட்டு அரை மணி நேரம் விளக்கினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நல்லதும்மா, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நடக்கும், தடுக்க ஆறு மாதம் வேண்டும் என்பதுதான் பதில். அது அவருடைய அரை மணி நேரத்தில் எங்கேயோ இருபத்தைந்தாவது நிமிடத்தில் இருந்தது. அந்தக் குழுவில் ஒரு நாற்காலி கிடைக்க அதன்பின் அவருக்குப் பல வருடம் ஆனது.

கிடைத்த நாற்காலியில் சில வருடம் உட்கார்ந்துவிட்டு, ஏற்காட்டில் வீடு கட்டி வந்துவிட்டார். அப்புறம் அவர் செய்த வேலைக்கு நம் சொந்தத்தில் பாதிப் பேர் வைத்த பெயர் "டியூஷன்". எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். பெரிய கம்பெனிகளின் தொழில்நுட்பத் தலைவர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அவரிடம் வந்தார்கள். இயக்குநர் குழுவின் முன் நிற்கவும், பிறகு அந்தக் குழுவிலேயே உட்காரவும் அவர்களைத் தயார் செய்வது அவருடைய வேலை. அவ்வளவு படித்தவர்களுக்குப் பேசத் தெரியாதா என்று பெரியம்மா கேட்டார். தெரியாது பெரியம்மா. எனக்கும் தெரியாது.

அக்காவின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள் இருந்தன. வருகிறவருக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. மீதி நான்கிலும் ஊர்க்காரர்கள் உட்காருவார்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற ரைட்டர் மாமா, பேக்கரிக்காரர், மாரமங்கலத்து மிளகு வியாபாரி, வீட்டில் சமைத்துப்போட்ட ராஜாமணியம்மா. அன்றைக்கு அவர்கள்தான் இயக்குநர் குழு. இவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே என்று வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். கம்பெனிக் குழுவில் இருக்கிறவர்களுக்கும் தெரியாது, ஆனால் முடிவெடுப்பது அவர்கள் என்பார் அக்கா. கேட்ட கேள்விக்கு முதல் வாக்கியத்தில் பதில், மற்றதெல்லாம் அவர்கள் கேட்டால் மட்டும். பாடம் இவ்வளவுதான். கோட்டு போட்டு வந்த பெரிய மனிதர்கள் இரண்டு நாளில் வேர்த்து விறுவிறுத்துப்போவார்கள்.

எனக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் தொழில்நுட்பப் பிரிவை நான்தான் பார்க்கிறேன். என்னை இயக்குநர் குழுவுக்கு எடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, அக்காவிடம் போய் வா, அவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றார்கள். சொந்த அக்கா, கடிதம்தானே என்று தெம்பாக மலையேறினேன். ரைட்டர் மாமா என்னைப் பார்த்து, ஏனுங்க தம்பி, நீங்க சொன்ன தேதிக்கு உங்க கம்பெனி வேலை முடியுமுங்களா என்று கேட்டார். முடியாது என்பதுதான் பதில். நான் வேறெங்கேயோ ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் ராஜாமணியம்மா எழுந்துபோய்க் குக்கரை இறக்கிவிட்டு வந்துவிட்டார்.

மற்றவர்கள் போனபின் அக்கா சொன்னார்.

"நல்ல சேதின்னா நீ ஒரே வரில சொல்லிப்போடற கண்ணு. கெட்ட சேதின்னாத்தான் சுத்திச் சுத்தி வர்ற. மத்தவங்களுக்குப் பேச்சு வராது. உனக்குப் பயம். அது நொம்ப ஆபத்து."

கம்பெனிக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரே வரி: இன்னும் தயாராகவில்லை. நாற்காலி வேறு ஒருவருக்குப் போனது. அக்காவோடு நான் ஐந்து மாதம் பேசவில்லை. ஊரான் பிள்ளைக்கெல்லாம் ஏணி போடுகிறவர் சொந்தத் தம்பியின் காலை வாரிவிட்டார் என்று போகிற இடத்திலெல்லாம் புலம்பினேன். உங்களில் பலர் அதைக் கேட்டு உச்சுக் கொட்டியிருக்கிறீர்கள்.

பேச வைத்தது அவருடைய நோய்தான். கணையத்தில் புற்றுநோய். சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாவது வாரம் மருத்துவர் என்னையும் என் மனைவியையும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். இனி மருந்தால் பலன் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக்குக் கூட்டிப்போவதானால் இந்த வாரமே போய்விடுங்கள், அப்புறம் மலைப்பாதையை உடம்பு தாங்காது. நேராகப் பேசினார் அந்த மனிதர். அக்காவிடம் அவரே சொல்கிறேன் என்றார். வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்று தடுத்தவன் நான்.

அறைக்குள் போனேன். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பிக்க வேண்டாம் கண்ணு. நான் நம்ம ஊட்டுக்குப் போறதா, இங்கயே இருக்கறதா? அத மட்டும் சொல்லு, நான் முடிவு பண்ணிக்கறேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிக் கேட்பார்? நான் ரத்தப் பரிசோதனையில் ஆரம்பித்தேன். ஸ்கேன், புதிதாக வந்திருக்கும் ஒரு ஊசி, பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவர், இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று கால் மணி நேரம் பேசினேன். என் மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கடைசிவரை கேட்டார். அப்புறம், செரி கண்ணு, நீ சொன்னாச் செரி என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து நாள் போனது. தினமும் காலையில் என் மனைவி, இன்னிக்காவது சொல்லிருங்க என்பாள். உங்களால ஆகலைன்னா நான் அண்ணிகிட்டச் சொல்றேன் என்றும் சொன்னாள். வாயைத் திறந்தால் பார் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பத்தாம் நாள் மருத்துவர், இனிமேல் நகர்த்த முடியாது என்றார். அன்றைக்குத்தான் அக்காவிடம் சொன்னேன். எப்போது தெரியும் என்று கேட்டார். பத்து நாளாகத் தெரியும் என்றேன்.

"அந்தப் பத்து நாளு நம்மூட்டுல இருந்திருப்பேனே, சாமி."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இந்த ஒரு வருடத்தில் சில நாட்களாவது தூங்கியிருப்பேன். மூன்றாம் நாள் போய்விட்டார். மலைக்கு உடம்பைத்தான் கொண்டுவந்தோம். அவருடைய கூடத்தில் நீங்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, தம்பி பொண்டாட்டிதான் மலையேத்த விடலையாம் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அவள் காதிலும் விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து அவள் உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவதில்லை. அதற்கும் நீங்கள் அவளைத்தான் குறை சொல்கிறீர்கள்.

சென்ற மாதம் என் கம்பெனியில் அந்த நாற்காலிக்கு மறுபடி என்னைக் கேட்டார்கள். இன்னும் தயாராகவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா எழுதிய அதே வரிதான்.

அக்காவுக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும் நன்றி. கடைசிப் பயணத்தில் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை மெதுவாகத் திருப்பிய ஓட்டுநருக்கு நன்றி. தினமும் பஸ் பிடித்துச் சேலத்துக்கு வந்து அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த ரைட்டர் மாமாவுக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய ராஜாமணியம்மாவுக்கும், அக்காவிடம் தயாராகிப் போய், தகவல் கேட்டதும் ஓடிவந்த பெரியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

என் மனைவிக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவளுக்கு நான் தர வேண்டியது நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரு பதில். ரைட்டர் மாமாவும் மற்றவர்களும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அக்கா ஏன் மலைக்கு வரவில்லை?

நான் அக்காவிடம் உண்மையைச் சொல்லவில்லை, அதனால் வரவில்லை.