பென்டிரைவுக்கு வைத்த பொட்டு

நாற்பத்தொன்பது வயதில், நாலு புத்தகம் எழுதிய பிறகு, ஒரு பழைய மடிக்கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிய ஆள் நான். அதோடு நிறுத்தியிருந்தால் வெளியே சொல்லியிருக்க மாட்டேன். பொட்டை எங்கே வைத்தேன் என்பதில்தான் என் படிப்பு முழுவதும் சந்தி சிரித்தது.

சிவகாசியில் பொட்டு வைப்பது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. அச்சகத்தில் ஒரு மெஷின் வந்து இறங்கினால், பொட்டு வைக்காமல் முதல் தாளை ஓட்ட மாட்டார்கள். எனக்கும் அந்த அச்சகச் சோறுதான். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்துக்கு எழுதுகிறேன். ஒரு நாளைக்கு நாலு வரி: கைவைத்தியம், சிரிப்பு, உருப்படாத தகவல். முன்பக்கத்தில் ராகு காலம், எமகண்டம், பின்பக்கத்தில் நான்.

ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவது ஊர் வழக்கம். எங்கள் அச்சகத்தில் அன்றே காலண்டரின் தினத்தாளும் மெஷினில் ஏறும். அதற்குப் பதினைந்து நாள் இருக்கையில் என் மடிக்கணினி கருகல் வாசனை விட்டுக் கண்ணை மூடியது. அடுத்த வருடத்து ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை எழுதியது அதன் வயிற்றில். மிச்ச நாலு மாதம் இன்னும் என் வயிற்றில். அச்சக மேனேஜருக்குப் போன் செய்தேன். மனிதர் பதறவே இல்லை.

"ஒண்ணும் கவலப்படாதீக சார். வரலைன்னா போன வருசத்ததையே தூக்கிப் போட்டுருவோம். யாரு கண்டா?"

அந்த 'யாரு கண்டா'தான் உறைத்தது. போன வருடத்தது ஓடி, அதை ஒருத்தரும் கண்டுபிடிக்காமலும் போய்விட்டால், பிறகு நான் எதற்கு?

மறுநாளே செத்த மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். விருதுநகரில் பழைய கம்ப்யூட்டர் விற்று, பழுதும் பார்க்கும் பாய் ஒருவர் உண்டு. கடை என்பது அரை ஷட்டர், ஒரு மேசை, சுவரில் எங்கள் அச்சகத்துத் தினசரிக் காலண்டர். பழையது இனித் தேறாது என்று பாய் சொல்லி முடிக்குமுன் நான் கை வைத்தது, காகிதம் போல மெலிந்து வெள்ளியாய் மின்னிய ஒன்றில். பஸ் ஆமத்தூர் தாண்டும்போதே மனதுக்குள் தீர்மானித்து வைத்திருந்த அழகு அது.

"அது மாப்பிள்ளைக்குக் குடுக்கிறது சார்," என்றார் பாய். "ராம், அதான் மெமரி, போர்டோட ஒட்டிக் கெடக்கு, பின்னால கூட்ட முடியாது. நீங்க எழுதத்தானே போறீக? இதப் பாருங்க."

அவர் எடுத்து வைத்தது ஏதோ ஆபீஸில் உழைத்துக் களைத்த கறுப்பு மெஷின். செங்கல் கனம். ஆனால் விசைப்பலகை கை வைத்ததும் பேசியது. எல்லாக் கட்டையையும் ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொன்னார். செத்த மெஷினின் டிஸ்கைக் கழற்றி, என் எட்டு மாதமும் உயிரோடு இருப்பதைக் காட்டினார். பிறகு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"உடனே மெஷினுக்குள்ள போட வேண்டாம். வீட்டுல இந்தப் பென்டிரைவ்லயே ஓட்டிப் பாருங்க. வைஃபை எடுக்குதா, சத்தம் வருதா, மூடித் தொறந்தா முழிக்குதா. எல்லாம் சரின்னா கொண்டாங்க, போட்டுருவோம்."

வீட்டில் நான் செய்ததுதான் அந்தப் பூஜை. மெஷினின் மூடிக்கு ஒரு பொட்டு. ஓட்டப்போவது பென்டிரைவ் அல்லவா, அதற்கும் தாராளமாக ஒரு பொட்டு. ஈரம் காயாமலே செருகினேன். திரையில் பென்டிரைவ் என்று ஒரு வஸ்து இருப்பதாகவே தெரியவில்லை. மூன்று நாள் போனில் இணையத்தைப் படித்தேன். அதை அணை, இதை மாற்று, இந்தக் கட்டையை அழுத்திப் பிடி என்று எல்லா நாட்டுக்காரர்களும் எழுதியிருந்தார்கள். சந்தனத்தைத் துடை என்று ஒருத்தரும் எழுதவில்லை. லினக்ஸுக்கும் எனக்கும் ஜாதகம் சேரவில்லை என்று முடிவுகட்டி மறுபடி பஸ் ஏறினேன். ஆடிப்பெருக்குக்குப் பதினோரு நாள்.

பாய் பென்டிரைவைப் பார்த்தார். மெஷினின் ஓட்டைக்குள் டார்ச் அடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எம்புட்டு சந்தனம்!"

"பொட்டு ஆகாதா பாய்?"

"பொட்டு ஆகும் சார். வாய்க்குள்ள ஊட்டக் கூடாது."

பழைய பல் துலக்கும் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்துச் சுத்தம் செய்தார். செருகினார், திரையில் லினக்ஸ் விடிந்தது. அவர் சொன்ன மூன்றையும் ஓட்டிப் பார்த்து, லினக்ஸை ஏற்றத் தொடங்கிய நேரத்தில் பாங்கு கேட்டது.

"தொழுதுட்டு வந்துர்றேன். திரையில ஓடுற கோடு அது பாட்டுக்கு ஓடட்டும். நீங்க ஒண்ணையும் தொட்டுறாதீக, சாமி!"

இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவர் கையில் எனக்கும் ஒரு டீ. அன்று மாலைக்குள் தமிழ் விசைப்பலகையை இயக்கி, எட்டு மாதத்தையும் உள்ளே இறக்கித் தந்தார். மூடியில் நான் வைத்த பொட்டை மட்டும் துடைக்கவில்லை. அதைச் சுற்றித்தான் துணி போயிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகே கவனித்தேன்.

டிசம்பர் முப்பத்தொன்றை ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்னால் எழுதி முடித்தேன். போன வருடத்ததிலிருந்து ஒரு வரிகூட எடுக்கவில்லை. அந்தச் செங்கல் இன்றுவரை ஒரு தும்மல் போட்டதில்லை.

காலண்டர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை பாய்க்குக் கொண்டுபோனேன். ஆசையாக வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் மாட்டினார். பின்பக்கத்தில் கடைசி நாலு மாதம் அவர் தந்த மெஷினில் எழுதியதுதான் என்று கூச்சத்தோடு சொல்லி வைத்தேன். ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"அந்தப் பின்பக்கம் எழுதுறது நீங்கதானா? அச்சகத்துல சொல்லி அடுத்த வருசம் வெத்துத் தாளா விடச் சொல்லுங்க சார். கிழிக்கிற தாள்ல கஸ்டமர் நம்பர் எழுத எடமே இல்ல."