இந்த வாரம் நான் கெடுத்தது

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹுஸ்னா அக்காவின் முன்னால் உட்காருகிறவர் யாராக இருந்தாலும், முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இந்த வாரம் நான் எதைக் கெடுத்தேன்? என்ன செய்து முடித்தாய் என்று அவர் கேட்கவே மாட்டார். அதை எதற்குக் கேட்பது? முடித்ததைத்தான் எல்லோரும் தாமாகவே தம்பட்டம் அடித்துக்கொள்கிறார்களே!

காமினிக்கு இந்த வழக்கம் முதலில் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் மென்பொருள் படிப்பின் கடைசி ஆண்டு. கடலுக்கு அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி, பஸ் பிடித்து, ஆயர் ஈத்தாமுக்கு வந்து சேரவே பாதி உயிர் போய்விடும். வந்ததும் இப்படி ஒரு கேள்வியா?

"ஒண்ணும் கெடுக்கலக்கா," என்றாள் விறைப்பாக.

"அப்ப இந்த வாரம் ஒண்ணும் வேல செய்யலன்னு அர்த்தம். சரி, நான் சொல்றேன். செவ்வாக்கெழம ஃபேக்டரியில ஒரு மெஷின நாப்பது நிமிஷம் நிறுத்திட்டேன். மேனேஜர் மொகத்த நீ பாத்திருக்கணும் லா!"

பக்கத்தில் இருந்த இர்வான் விழுந்து விழுந்து சிரித்தான். அவனும் காமினியும் ஒரே குழு. சிரித்து முடித்து, தான் ஒரு கோப்பைத் தெரியாமல் அழித்துவிட்டதை அவனே ஒத்துக்கொண்டான். ஆறாவது வாரம் வந்தபோது காமினி, கெடுத்ததை வழியிலேயே யோசித்துத் தயார் செய்துகொண்டு வர ஆரம்பித்திருந்தாள்.

ஹுஸ்னாவுக்கு நாற்பத்தொரு வயது. ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ப்ளாட்டில் பிறந்து வளர்ந்தவர். பள்ளி முடிந்த கையோடு பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியின் உற்பத்தி லைனில் போய் நின்றார். வேலை செய்துகொண்டே படித்தார். இன்று அதே ஃபேக்டரியில் மென்பொருள் சோதனைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். மற்றவர்கள் எழுதும் ப்ரோகிராம் எங்கே உடையும் என்று தேடித் தேடி உடைத்துப் பார்ப்பது அவர் வேலை. மாணவர்களின் ப்ராஜெக்டுக்கு வழிகாட்ட ஆள் வேண்டும் என்று பல்கலைக்கழகம் கேட்டபோது அந்த ஃபேக்டரியிலிருந்து ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தார்கள், பேனருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், கறிபாப் தின்றார்கள், போனார்கள். ஐந்து வருடமாக ஒரு சனிக்கிழமை தவறாமல் வருகிறவர் ஹுஸ்னா ஒருவர்தான். வேறு என்னத்தைச் சொல்ல!

காமினியும் இர்வானும் செய்த ப்ராஜெக்ட், ஆயர் ஈத்தாமில் உள்ள ஒரு சிறுநீரக நோயாளிகள் நிலையத்துக்கானது. வாரம் மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் அங்கே வருகிறவர்களுக்கு உயிர் ஓடும். அவர்களை வேனில் அழைத்து வரும் பொறுப்பு யூசுப் அண்ணனுடையது. முதல் நாள் மாலை ஒவ்வொருவருக்கும் ஃபோன் அடித்து, நேரம் சொல்லி, தொண்டை கட்டிப்போய் நிற்பார். அந்த வேலையைத் தானாகச் செய்யும் ஒரு ப்ரோகிராம், அவ்வளவுதான். நிலையத்தின் மாடியறையில்தான் சனிக்கிழமைக் கூட்டமும் நடக்கும்.

பல்கலைக்கழகம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மதிப்பீடு முடியும்வரை உண்மையான நோயாளி ஒருவருக்குக்கூட இந்த ப்ரோகிராமிலிருந்து செய்தி போகக் கூடாது. மாணவர்களால் அப்படிப் போனால் ப்ராஜெக்ட் செல்லாது. இன்னும் ஒரு வருடம் உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான். காமினியின் அம்மா மீனாட்சியோ, மகளின் பட்டமளிப்புக்குச் சேலையே எடுத்து வைத்துவிட்டார். பாகான் டாலாமில் அந்தச் சேலையின் நிறம் தெரியாத வீடு கிடையாது.

மதிப்பீட்டுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்த வினை வந்தது. வேன் ரத்தானால் போகும் செய்தியைச் சோதிக்க வேண்டும். பயிற்சிப் பட்டியலில் இருப்பவை ஆறே எண்கள், எல்லாம் இவர்களும் இவர்களுடைய நண்பர்களும் வைத்திருப்பவை. காமினி பட்டனை அமுக்கினாள். 'நாளை வேன் இல்லை. சிகிச்சை வேறு நாளுக்கு மாற்றப்பட்டுள்ளது.' அவள் ஃபோன் ஒலித்திருக்க வேண்டும். ஒலிக்கவில்லை.

கீழே யூசுப் அண்ணனின் ஃபோன் அடித்தது. வைத்தவுடன் மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது அவர் மூச்சிரைக்க மாடியேறி வந்துவிட்டார்.

"பாப்பா, என்ன லா பண்ணினீங்க? நாளைக்கு வேன் இல்லையான்னு கேக்குறாங்க எல்லாரும்!"

காமினிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரையைப் பார்த்தாள். ஆறு எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டு பெயர்கள் இருந்தன. சனிக்கிழமை நோயாளிகள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நெரிசலையும் தாண்டி ஹுஸ்னா அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். யார் செய்தது என்று கேட்கவில்லை.

"எத்தன பேரு?"

"பதினெட்டுக்கா."

"ஃபோன எடு."

"இன்னொரு மெசேஜ் அனுப்பிடலாமாக்கா? முன்னாடி வந்தது தப்புன்னு?" என்றான் இர்வான்.

"மொதல்ல வந்தத நம்பினவங்க ரெண்டாவத நம்புவாங்கன்னு என்ன நிச்சயம்? வாயால சொல்லணும்பா. அவங்க வாயால சரின்னு சொல்றதயும் கேக்கணும்."

நான்கு பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்று பேசினார்கள். ஐந்தரைக்குள் பதினேழு பேர் கிடைத்துவிட்டார்கள். சின்னையா என்ற பெரியவர் மட்டும் எடுக்கவே இல்லை. ஒன்பது தடவை அடித்த பிறகு ஹுஸ்னா கார் சாவியை எடுத்தார். காமினி பின்னாலேயே ஓடினாள்.

பெரியவர் இருந்தது ஒன்பதாவது மாடியில். லிஃப்ட்டோ கெட்டுக் கிடந்தது. கெடுவதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை அதற்கு! முட்டிவலிக்காரியான ஹுஸ்னா ஆறாவது மாடியில் ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு மீண்டும் ஏறினார். கதவைத் திறந்த சின்னையா வெளுத்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். காலடியில் ஒரு பயணப் பை. ஃபோன் அந்தப் பைக்குள் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

"நாளைக்கு வேன் இல்லன்னு மெசேஜ் வந்துச்சும்மா. தைப்பிங்ல பேரனுக்குப் பொறந்தநாளு. ஏழு மணி பஸ்ஸுக்குக் கெளம்பிட்டேன். திங்கக்கெழமதான் வருவேன்."

வியாழக்கிழமை மெஷினில் உட்கார்ந்தவர் செவ்வாய்க்கிழமைவரை உட்காராமல் இருந்தால் என்ன ஆகும்? காமினி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஐந்து நாள்! பத்து நிமிடம் தாமதித்திருந்தால் மனிதர் பஸ் ஸ்டாண்டில் இருந்திருப்பார்.

ஹுஸ்னா நடந்ததைச் சொன்னார். பெரியவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மூணு வருஷத்துல ஒரே ஒரு நாள் லீவு கெடச்சுதேன்னு சந்தோஷமா இருந்தேன். அதயும் வந்து கெடுத்துட்டீங்களே!"

"கெடுத்தது நாங்கதான் ஐயா. காலையில மெஷின்ல உக்காந்து எந்திரிச்சிருங்க. மத்தியானம் உங்கள பஸ்ஸுல நானே ஏத்தி விடுறேன். கேக்கு வெட்டுறதுக்குள்ள போய்ச் சேந்துடலாம்."

இறங்கும்போது காமினி அழுதுவிட்டாள். பட்டியலைப் பார்க்காமல் அமுக்கினது தான்தான் என்று மாடிக்கு மாடி சொல்லிக்கொண்டே வந்தாள். ஹுஸ்னா திரும்பிப் பார்க்காமல் இறங்கிக்கொண்டே போனார். கோபம்தான் என்று காமினி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பதினெட்டு பேரும் வந்து மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் நிபந்தனை மீறினது மீறினதுதானே? யூசுப் அண்ணன் தன் கடமை என்று பல்கலைக்கழகத்திடம் சொல்லியிருந்தார். பத்து மணிக்கு மாடியறையில் டாக்டர் அதிரா உட்கார்ந்திருந்தார். காமினிக்கும் இர்வானுக்கும் மதிப்பெண் போடுகிற விரிவுரையாளர் அவர்தான். நிபந்தனையை மீறியவர் யார் என்று எழுதும் படிவம் ஒன்று அவர் கையில் இருந்தது. அதில் காமினியின் பெயர் எழுதியாகிவிட்டது. அவளுக்கு அம்மாவின் சேலைதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஹுஸ்னா உட்கார்ந்தார். இந்தத் தடவை அவரே ஆரம்பித்தார்.

"இந்த வாரம் நான் கெடுத்தத சொல்லிடுறேன் டாக்டர். வியாழக்கெழம, நோயாளிங்களோட நம்பரெல்லாம் ப்ரோகிராம்ல சரியா ஏறுதான்னு பாக்க, உண்மையான லிஸ்ட்ட நான் உள்ள போட்டேன். அஞ்சே நிமிஷம், அனுப்பப் போறதில்லையேன்னு நெனச்சேன். எடுக்க மறந்துட்டேன். காலையில ப்ரோகிராமோட பதிவ எடுத்துப் பாத்தேன், ஏத்தினது என் பேர்லதான் இருக்கு. இந்தாங்க."

அச்செடுத்த ஒரு தாளை மேசையில் வைத்தார்.

காமினி எழுந்துவிட்டாள். "பட்டன அமுக்கினது நான் டாக்டர். அமுக்குறதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கணும்."

"அது உன் மொற வரும்போது சொல்லு. இப்ப என் மொற," என்றார் ஹுஸ்னா.

டாக்டர் அதிரா தாளைப் படித்தார். படிவத்தைப் படித்தார். மறுபடி தாளைப் படித்தார். "இத நீங்க சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே," என்றார் கடைசியில்.

"எனக்குத் தெரியுமே டாக்டர்."

டாக்டர் அதிரா காமினியின் பெயரை அடித்துவிட்டு அதன் மேலேயே ஹுஸ்னாவின் பெயரை எழுதினார்.

படியிறங்கும்போதுதான் காமினி கேட்டாள். "ஏங்கா? உங்க பேரு கெட்டுப் போச்சேக்கா."

ஹுஸ்னா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது வயதில் லைனில் ஒரு தப்பு செய்தாராம், பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாராம். பக்கத்தில் நின்ற நூர்ஜானைச் சந்தேகப்பட்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். "போகும்போது என்னப் பாத்து, அழுகாத ஹுஸ்னான்னு சொல்லிட்டுப் போனா. அவளத் தேடாத எடமில்ல. இன்னும் கெடைக்கல," என்றார். பிறகு மணியைப் பார்த்தார். "வா வா, ஐயாவ பஸ் ஏத்தணும்."

அடுத்த வாரமே பல்கலைக்கழகத்திடமிருந்து கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்கு ஹுஸ்னா மாணவர்களுக்கு வழிகாட்டக் கூடாது. ஐந்து வருடமாக ஒரு சனிக்கிழமைகூட வீட்டில் இருக்காத மனுஷி! காமினிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடு உட்கார்ந்து ப்ரோகிராமில் ஒரு பகுதியைப் புதிதாக எழுதினாள்.

மதிப்பீட்டு நாளில் டாக்டர் அதிரா திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "எல்லாருக்கும் முன்னால ஒரு நம்பருக்குப் போகுதே, இது யாரு?"

"ஹுஸ்னாக்கா, டாக்டர். அவங்களே நம்பர் குடுத்து, சம்மதம்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டாங்க. மொதல்ல அவங்களுக்குப் போகும். படிச்சுப் பாத்து ரெடின்னு அவங்க பதில் போட்டாத்தான் நோயாளிங்களுக்குப் போகும்."

டாக்டர் அதிரா மதிப்பெண்ணை எழுதி, தாளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். மீனாட்சியின் சேலைக்கு வேலை வந்தது.

ஹுஸ்னா மட்டும் ஃபோனில் திட்டித் தீர்த்தார். "ஒரே ஆள நம்பி ப்ரோகிராம் எழுதுவாங்களாடி? எனக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவ? யூசுப் அண்ணே நம்பரையும் சேரு!" காமினி சேர்த்தாள். ஆனால் இரண்டாவதாகத்தான்.

காமினி இப்போது செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அந்த ப்ரோகிராமை இன்றுவரை அவள்தான் கவனித்துக்கொள்கிறாள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குச் செய்தி கிளம்பும். இரண்டு நிமிடத்துக்குள் பதில் வந்துவிடும். அதன் நகல் அவளுக்கும் வரும்.

'ரெடி. இந்த வாரம் நீ என்னத்தக் கெடுத்த?'